வெயில் இலவசம், வட்டி இலவசமில்லை

மே மாத மின்சார பில் வரும்போதெல்லாம் நம் வீடுகளில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இவ்வளவு வெயில் சும்மாதானே அடிக்குது, இதுலேர்ந்து கரண்ட் எடுத்தா என்ன?" ரொம்பப் பழைய கேள்விங்க இது. நாம் பிழைக்க வந்திருக்கும் இதே மும்பையில், 1870களிலேயே ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, சும்மா இராமல் செய்தும் காட்டியிருக்கிறார்.

அவர் பெயர் வில்லியம் ஆடம்ஸ். பம்பாயில் துணைப் பதிவாளர் உத்தியோகம். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் வெயிலோடு மல்லுக்கட்டினார். கொலாபாவில் தட்டையான கண்ணாடிகளை அரைவட்டமாக அடுக்கி, வெயிலை ஒரு கொதிகலன் மேல் குவித்து, நீராவி உண்டாக்கி, இரண்டரை குதிரைசக்தி எஞ்சின் ஒன்றை ஓட்டினார். 1878ல் பம்பாயிலேயே ஒரு புத்தகமும் போட்டார். வெப்ப நாடுகளில் எரிபொருளுக்குப் பதிலாகச் சூரிய வெப்பம் என்பதுதான் புத்தகத்தின் விஷயம், தலைப்பும் அதேதான்.

ஏன் பம்பாயில் இந்த யோசனை வந்தது? அன்று இந்த ஊருக்கு நிலக்கரி பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. வங்காளத்தில் ராணிகஞ்ச் சுரங்கம் 1774லேயே தொடங்கிவிட்டது என்றாலும், அங்கிருந்து இந்தக் கரைக்குக் கொண்டுவரும் கூலி கட்டுப்படியாகவில்லை. எரிபொருள் விலை கடிக்கிற இடத்தில்தான் மாற்று எரிபொருளைப் பற்றி நினைப்பு வரும்.

அதே 1878ல் பாரிஸ் கண்காட்சியில் அகஸ்டின் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் சூரிய வெப்பத்தால் எஞ்சினை ஓட்டி, ஐஸ் கட்டியே செய்து காட்டிப் பதக்கம் வாங்கினார். பிரான்சிலும் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு. 1913ல் ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் எகிப்தில், கெய்ரோவுக்குப் பக்கத்தில் மாடி என்ற ஊரில், நீண்ட தொட்டி போன்ற கண்ணாடிகளை வைத்து நைல் ஆற்றுத் தண்ணீரை வயலுக்கு இறைத்தார். எகிப்திலும் நிலக்கரி இறக்குமதிதான்.

மூன்று பேருக்கும் ஒரே முடிவு. பிரான்சில் நிலக்கரி மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் அரசாங்கத்துக்கு மூஷோவின் மேல் இருந்த ஆர்வம் போய்விட்டது. ஷூமனுக்கு 1914ல் உலகப்போர் குறுக்கே வந்தது, போருக்குப் பின் பெட்ரோலியத்தின் காலம். ஆடம்ஸின் கண்ணாடிகளைப் பெரிதாக யாரும் எடுத்துச் செய்யவில்லை. "தொழில்நுட்பம் வளரவில்லை, அதனால் தோற்றார்கள்" என்று சொல்லிவிடலாம். ஆனால் மூன்று எஞ்சின்களும் ஓடின. ஓடாமல் போனது கணக்கு.

அந்தக் கணக்கு என்ன என்பதை நமக்குத் தெரிந்த உதாரணத்தில் சொல்கிறேன். ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான விஷயம்: வாடகை வீடா, சொந்த வீடா?

நிலக்கரி மின்சாரம் வாடகை வீடு மாதிரி. அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும், அது மின்நிலையம் கட்டும் செலவு. அதன் பிறகு மாதாமாதம் வாடகை, அதாவது எரிபொருள். வாடகை ஏறும், வீட்டுக்காரர் மனசு மாறும், ஆனால் முதல் நாளே பெரிய தொகை கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. சூரிய மின்சாரம் டோம்பிவிலியில் ஃபிளாட் வாங்குவது மாதிரி. 25 வருட வாடகையையும் மொத்தமாக முதல் நாளே எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் வாடகை கிடையாது. யாரிடம் மொத்தப் பணம் இருக்கிறது? பேங்கில் கடன்தான். ஆக, எரிபொருள் இலவசமான மின்சாரத்தில் உண்மையான எரிபொருள் வட்டி!

ஆடம்ஸ் காலத்தில் இப்படிப்பட்ட ஒரு விஷயத்துக்கு இருபது வருடக் கடன் கொடுக்க யாரும் இல்லை. அவருக்குப் பிறகு கொஞ்ச காலத்திலேயே இதே பம்பாயில் வேறொரு இலவச எரிபொருளுக்கு முதல் கிடைத்தது. மழை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அணை கட்டி, குழாயில் தண்ணீரை இறக்கி, 1915ல் கோபோலியிலிருந்து டாடா நிறுவனம் பம்பாய் மில்களுக்கு மின்சாரம் கொடுத்தது. அதுவும் "சொந்த வீடு" வகைதான். எல்லாச் செலவும் முதலிலேயே. ஆனால் வாங்குவதற்கு மில்கள் வரிசையில் நின்றன. வாங்குபவன் நிச்சயம் என்றால் முதல் போடுபவன் வருவான். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ரேவாவிலும் இதுதான் நடக்கப் போகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாடு வாடகை வீட்டையே தேர்ந்தெடுத்தது. கையில் அந்நியச் செலாவணி இல்லை, மண்ணுக்கடியில் நிலக்கரி இருந்தது. 1956ல் நெய்வேலி நிறுவனம், 1970களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயம், 1975ல் கோல் இந்தியா, அதே வருடம் என்.டி.பி.சி. இன்று நமக்குப் புகைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் கிராமத்துக்கு கரண்ட் வந்தது, பம்ப்செட் ஓடியது, நம்மில் பலர் டியூப்லைட் வெளிச்சத்தில் படித்து வேலைக்கு வந்தது எல்லாம் அந்தக் கரியால்தான். அதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

இதற்கிடையில் அமெரிக்காவில் 1954ல் பெல் ஆய்வகத்தில் சேபின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கானில் சூரிய மின்கலம் செய்தார்கள். விழும் வெளிச்சத்தில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. விலையோ யானை விலை. யார் வாங்கினார்கள் தெரியுமா? முதலில் விண்வெளிக்காரர்கள், 1958ல் வான்கார்ட் செயற்கைக்கோளில் ஏறியது. அடுத்து 1970களில் எண்ணெய் கம்பெனிகள்! நடுக்கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்கு எச்சரிக்கை விளக்கு வேண்டும், அங்கே பேட்டரி மாற்றிக்கொண்டே இருப்பதைவிட சோலார் மலிவு. எக்ஸான் பணம் போட்டு ஆரம்பித்த நிறுவனமே தகடு விலையை நூறு டாலரிலிருந்து இருபது டாலர் அளவுக்கு இறக்கியது. தன் எதிராளிக்குத் தானே சோறு போட்ட கதை. :-)

நம் நாடும் பின்தங்கவில்லை. சாகிபாபாத்தில் உள்ள மத்திய அரசின் சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977ல் இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தையும் 1978ல் முதல் தகட்டையும் செய்தது. 1982ல் மரபுசாரா எரிசக்திக்குத் தனித் துறை, 1992ல் தனி அமைச்சகம். இப்படி ஒரு அமைச்சகத்தை உலகத்தில் முதலில் வைத்தது நாம்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் முப்பது வருடம் அது தெருவிளக்கு, சூரிய அடுப்பு அளவிலேயே நின்றது. காரணம் அதே கணக்குதான்.

கணக்கை மாற்றியது யார்? இரண்டு பேர். ஒருவர் ஜெர்மனியின் சாதாரண குடும்பஸ்தர். 2000ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: சூரிய மின்சாரம் தருபவருக்கு இருபது வருடம் நிர்ணயித்த விலை கிடைக்கும், கூடுதல் செலவு எல்லோருடைய மின்கட்டணத்திலும் பிரித்து ஏற்றப்படும். 2017ல் அந்தக் கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 6.88 யூரோ சென்ட் வரை போனது, 2022ல்தான் எடுத்தார்கள். அந்த உத்தரவாதமான சந்தையை நம்பிச் சீனா தொழிற்சாலை மேல் தொழிற்சாலையாகக் கட்டியது. உலகத்தில் விற்ற தகடுகளின் மொத்த அளவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் விழும் என்பது இந்தத் தொழிலின் அனுபவக் கணக்கு. 1976ல் ஒரு வாட் தகடு இன்றைய மதிப்பில் நூறு டாலருக்கு மேல். 2019ல் 40 சென்ட்டுக்கும் கீழ். முனிச்சில் ஒரு பாட்டியம்மா கட்டிய பில்லில் ஒரு பங்கு, இன்று ராஜஸ்தானில் கரண்ட் மலிவாக இருப்பதற்குக் காரணம்.

இந்தியா சரியாக அந்தச் சமயத்தில் உள்ளே வந்தது. 2009ல் குஜராத் கொள்கை: முதல் 12 வருடம் யூனிட்டுக்கு 15 ரூபாய், அடுத்த 13 வருடம் 5 ரூபாய். 2010 ஜனவரியில் தேசிய சூரிய மின்திட்டம். 2022க்குள் 20,000 மெகாவாட் என்று இலக்கு (2015ல் இதை ஒரு லட்சம் ஆக்கினார்கள்). மத்திய ஒழுங்குமுறை ஆணையம் அன்று போட்ட விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. ஏலம் விட்டதும் 2010 டிசம்பரில் சராசரி 12 ரூபாய்க்கு வந்துவிட்டது.

12 ரூபாய் கரண்டை எந்த மாநிலம் வாங்கும்? இங்கேதான் ஒரு யுக்தி. என்.டி.பி.சி.யின் மலிவான நிலக்கரி மின்சாரத்தோடு இதைக் கலந்து, சராசரி விலையில் விற்றார்கள். பாலில் தண்ணீர் கலப்பதைப் பார்த்திருக்கிறோம், இது தண்ணீர் விலையில் பாலைக் கலந்து விற்ற கதை. போதாததற்கு 2010ல் நிலக்கரி மேல் டன்னுக்கு 50 ரூபாய் வரி வந்தது. 2016ல் அது 400 ரூபாய். ஆக, பச்சைக் குழந்தையாக இருந்த சூரிய மின்சாரத்துக்குப் பால் வார்த்தது நிலக்கரிதான்.

இப்போது நம் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையம் வருடத்துக்கு சுமார் 17 லட்சம் யூனிட் தரும். 2010ல் ஆணையம் வைத்த அடக்கவிலை மெகாவாட்டுக்கு சுமார் 17 கோடி. சுலபத்துக்காக முழுவதும் 20 வருடக் கடன், 12 சதவீத வட்டி, லாபம் பராமரிப்பு எல்லாம் தனி என்று வைத்துக்கொண்டால், வருடத் தவணை சுமார் 2 கோடியே 28 லட்சம். யூனிட்டுக்கு 13 ரூபாய் 40 காசு. 2016-17ல் அடக்கவிலை 5 கோடியே 30 லட்சம். அதே 12 சதவீதத்தில் யூனிட்டுக்கு 4 ரூபாய் 17 காசு. இது தகடு மலிவானதால் வந்த லாபம். இப்போது வட்டியை மட்டும் 6 சதவீதமாக்குங்கள்: 2 ரூபாய் 72 காசு. அதே தகடு, அதே வெயில், ஒரு ரூபாய் 45 காசு வித்தியாசம்!

கடன் கொடுப்பவன் எப்போது வட்டியைக் குறைப்பான்? பணம் நிச்சயம் வரும் என்று தெரிந்தால். மத்தியப் பிரதேசத்தில் ரேவா 750 மெகாவாட் திட்டத்தின் முக்கியமான சாதனை இதுதான். மின்வாரியம் பணம் தராவிட்டால் எடுத்துக்கொள்ளத் தனி நிதி, அதற்கும் மேல் மாநில அரசின் உத்தரவாதம், மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டும் டெல்லி மெட்ரோ ஒரு வாடிக்கையாளர். 2017 பிப்ரவரியில் ஏல விலை முதல் வருடத்துக்கு 2 ரூபாய் 97 காசு. அதே மே மாதம் ராஜஸ்தான் பாலைவனத்தில் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. என்.டி.பி.சி.யின் நிலக்கரி மின்சாரத்துக்கு அன்றைய சராசரி 3 ரூபாய் 20 காசு சுமார். ஆடம்ஸ் கண்ணாடி அடுக்கி 140 வருடம் ஆகப்போகும் நேரத்தில் கணக்கு நேரானது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசையும் பார்த்தோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விலை இப்படி விழுந்தால், முன்னால் வாங்கியவர் கதி? குஜராத் மின்சார நிறுவனம் 2013லேயே 15 ரூபாயைக் குறைக்கச் சொல்லி ஒழுங்குமுறை ஆணையத்திடம் போனது, நடக்கவில்லை. நம் தமிழ்நாடு 2015ல் கமுதி 648 மெகாவாட்டுக்கு ஒப்புக்கொண்ட விலை 7 ரூபாய் 1 காசு. இரண்டே வருடத்தில் பட்லாவில் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆந்திராவில் 2019ல் வந்த புதிய அரசு பழைய ஒப்பந்தங்களை மறுபடியும் பேச வேண்டும் என்றது. விஷயம் நீதிமன்றம் போய், இடைக்கால விலையாகச் சூரிய மின்சாரத்துக்கு வைத்தது 2 ரூபாய் 44 காசு, அதே பட்லா விலை. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஒப்பந்தப்படி முழு விலையும் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மக்கள் பக்கம் நின்று பார்த்தால் ஆந்திர அரசின் கேள்வி நியாயமாகத் தெரியும். ஆனால் நம் வாடகைக் கணக்கை வைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் உடையும் என்ற பயம் வந்தால் கடன்காரன் வட்டியை ஏற்றுவான். வட்டி ஏறினால் அடுத்து வரும் எல்லா மின்சாரமும் விலை ஏறும். பழைய ஒப்பந்தத்தில் மிச்சம் பிடிப்பதைப் புது ஒப்பந்தத்தில் விட்டுவிடுவோம்.

இப்போது இன்றைய நிலைமைக்கு வருவோம். 2025 ஜனவரியில் இந்தியாவின் சூரிய மின்திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. அதே நிதியாண்டில் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதல் முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. மொத்த மின் உற்பத்தியில் 70 சதவீதத்துக்கும் மேல் கரிதான். இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. காரணம் எளிது: வெயில் சாயங்காலம் போய்விடும், நாம் ஆபீஸிலிருந்து வந்து ஏசி போடுவது ராத்திரி. பகலில் மிஞ்சுவதை ராத்திரிக்குச் சேமிக்க வேண்டும். பேட்டரி ஒரு வழி. தண்ணீரை மேலே ஏற்றி வைத்து ராத்திரி இறக்குவது இன்னொரு வழி. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 1980களிலிருந்தே இருக்கிறது. இரண்டுமே மறுபடியும் "முதல் நாளே எல்லாப் பணமும்" வகை. ஆக, மறுபடியும் வட்டி.

கடைசியாக, இந்த மாற்றத்தில் நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்.

ஒன்று, ரயில் டிக்கெட். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் உங்களிடம் வசூலாகிறது என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். மிச்சத்தில் பெரும்பகுதியைச் சரக்குப் போக்குவரத்துதான் சுமக்கிறது. அந்தச் சரக்கில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் நாம் ஸ்லீப்பரில் ஊருக்குப் போய் வருவதில் தன்பாத்துக் கரி ஒரு பங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறது. கரி வண்டிகள் குறைந்தால் அந்தப் பங்கை யார் கொடுப்பது என்று இப்போதே கேட்க வேண்டும். பட்லா வெயில் கம்பியில் வரும், வேகனில் வராது.

தன்பாத், கோர்பா, சிங்ரவுலி மாதிரி ஊர்களுக்கு இது டிக்கெட் விலை இல்லை, சோற்றுப் பிரச்சினை. சுரங்கத்து வேலை மட்டுமில்லை, லாரி, டீக்கடை, மாநிலத்துக்கு வரும் ராயல்டி எல்லாம் அதில் தொங்குகிறது. சூரிய மின்நிலையங்கள் வந்ததோ ராஜஸ்தான், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு என்று மேற்கிலும் தெற்கிலும். கர்நாடகத்தில் பாவகடாவில் மழையில்லாத நிலத்தை விவசாயிகளிடம் விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் வைத்திருந்தவருக்கு நல்ல ஏற்பாடு. அதே நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கு குத்தகையில் பங்கில்லை. நெய்வேலி நிறுவனம் கரியோடு நிற்காமல் தென்மாவட்டங்களில் சோலார் போட்டு 1,000 மெகாவாட்டைத் தாண்டிய முதல் மத்திய பொதுத்துறை நிறுவனமானது. கம்பெனி மாறிக்கொள்ளும். கம்பெனியை நம்பிய ஊர் அப்படி மாறாது. ஊரில் வேலை இல்லாமல் போனால் என்ன செய்வார்கள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம், நாமே அப்படி வந்தவர்கள்தானே.

இரண்டு, கூரை. 2024ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சொந்தக் கூரை உள்ளவருக்கு. வாடகைக்கு இருப்பவருக்கும் பத்தாவது மாடிக்காரருக்கும் கூரை ஏது? ஆனால் ஹவுசிங் சொசைட்டிகளுக்குப் பொது உபயோகத்துக்காக (லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு) கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அதே திட்டத்தில் உண்டு. இது நிறைய சொசைட்டிகளில் யாருக்கும் தெரியாது. அடுத்த பொதுக்குழுவில் எடுத்துச் சொல்லுங்கள். பேசும்போது "வெயில் இலவசம்" என்று ஆரம்பிக்காதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது, கடன் வாங்கினால் என்ன வட்டி, மாதத் தவணை இப்போதைய பொது பில்லைவிடக் குறைவா என்று மூன்று எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

உங்கள் சொசைட்டியில் ஏற்கனவே போட்டிருந்தால் எவ்வளவு முதல், என்ன வட்டி, எத்தனை வருடத்தில் திரும்பி வந்தது என்று எழுதுங்கள். மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.